தண்ணீர் இறங்க இறங்க ஏறிய எண்

மக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித் தொடங்கும் யோக்கியதை இந்தக் கடுதாசிக்கு இல்லை. மலைத் தோட்டத்தில் இருக்கிற உனக்கு இந்தச் சேதி வேறு யார் வாயிலிருந்தாவது வந்து சேர்வதற்குள் என் கையிலிருந்து வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு என் வயது காரணமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரூத்தின் ஊர்ச் சபையில் உங்கள் இரண்டாம் கல்யாண ஓலையைப் போதகர் வாசித்தார். நானும் உன் அம்மையும் போயிருந்தோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல யாராவது உண்டா என்று அவர் கேட்டார். மூன்று ஞாயிறும் கேட்கிற கேள்விதான். யாரும் வாய் திறப்பதில்லை, நானும் அடுத்த பாட்டு எது என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசையிலிருந்து ஞானாபரணம் எழுந்தார். கடைக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் வைத்திருக்கிற அதே ஞானாபரணம்தான். "தடை உண்டு ஐயா. எட்டு வருசத்துக்கு முந்தி ஒரு பய பொய் நம்பர் எழுதி எங்க நாப்பது வீட்டையும் பட்டினி போட்டான். அந்தப் பயலுக்கா நம்ம பிள்ளையக் குடுக்கப் போறோம்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரூத்தின் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். போதகர் ஓலையை மடித்து வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் சபைக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மூன்றாம் ஓலை வாசிக்க முடியாது என்றார்.

நான் அங்கேதான் இருந்தேன் மக்கா. நாலாவது பெஞ்சில் குத்துக்கல் மாதிரி இருந்தேன். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ரூத் தனியாக என்னிடம் வந்தாள். அழவில்லை. "மாமா, அவியதான் அப்பிடி எழுதினாவளா?" என்று மட்டும் கேட்டாள். வெயிலாக இருக்கிறது, வீட்டுக்குப் போ மக்களே என்று சொன்னேன். ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய பதிலா அது?

நடந்தது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்கு எட்டு வருடமாகத் தெரியாது. இந்தக் கடுதாசியை அந்தச் சபையில் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், சலிக்காமல் வாசி.

நான் கடைக்குளத்தில் லஸ்கர். மடையைத் திறப்பதும் அடைப்பதும் கரையைப் பார்ப்பதும் என் வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, காலையில் மடைக்குப் பக்கத்தில் நடப்பட்டிருக்கும் அளவுக்கல்லைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்று நோட்டில் எழுதி, அதே எண்ணை ஒரு துண்டுக் கடுதாசியிலும் எழுதி, அஞ்சல்காரரிடம் கொடுத்துத் தக்கலையில் உள்ள பாசன ஆபீசுக்கு அனுப்புவது. மேற்கே எந்தக் குளத்துக்குத் தண்ணீரைத் திருப்புவது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் அந்தத் துண்டுக் கடுதாசிகளைப் பார்த்துத்தான். நானோ மூன்றாம் வகுப்பு. ஆனால் எண்ணில் எனக்கு இருந்த தலைக்கனம் உனக்குத் தெரியாததல்ல. ஒன்று முதல் எத்தனை வேண்டுமானாலும் சொல்வேன். ஒன்றுக்கு உள்ளேயும் போவேன்: முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்திரி வரைக்கும், அதற்குக் கீழேயும் வாய் தடுக்காமல் ஒப்பிப்பேன். ஒன்றை உடைத்தால் துண்டு கிடைக்கும், துண்டை உடைத்தால் பொடி கிடைக்கும், பொடியும் தீர்ந்தால் ஒன்றுமில்லை. உலகத்தில் உள்ள எண் எல்லாம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். எண் என்றால் விரலை மடக்கி எண்ணக்கூடியது, அல்லது அதன் துண்டு. எண் பெரிதானால் பொருளும் அதிகம். இதில் சந்தேகப்படுகிறவன் பைத்தியக்காரன்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல் கதிர் தள்ளும் சமயம், தை மாதம். அளவுக்கல்லில் தண்ணீர் ஆறு, ஐந்து, நாலு என்று நாளுக்கு ஒன்றாக இறங்கியது. மடையின் அடிக்கல்லுக்கு நேராக அந்தக் கல்லில் ஒரு வட்டம் செதுக்கியிருக்கும். தண்ணீர் அந்த வட்டத்தைத் தொட்ட நாளில் நானும் ஒரு வட்டம் போட்டு அனுப்பினேன். அத்தோடு மடை வழியாகச் சொட்டுத் தண்ணீர் போகாது. குளத்தில் தண்ணீர் கிடக்கும், ஆனால் மடைக்குக் கீழே கிடக்கும்; வெயில் குடிப்பதும் மண் உறிஞ்சுவதும்தான் மிச்சம். மறுநாள் போய்ப் பார்த்தேன். என் வேலைக் காலத்தில் வெளியே தெரியாத கல்லின் அடிப்பாகம் பாசியோடு வெளியே வந்திருந்தது. அங்கேயும் கோடுகள், அங்கேயும் எண்கள். வட்டத்துக்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே இரண்டு, மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு சின்னக் கீறல். கொத்தன் உளி வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். எல்லா எண்ணுக்கும் முன்னால் ஒரே மாதிரி வழுக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நாற்பது வீடு பிழைத்திருக்கும். நான் யோசிக்கவில்லை. தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறதோ அதை எழுத வேண்டும், அதுதானே உத்தரவு? ஒன்று என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் மூன்று. நீ அப்போது ஐந்தாம் பாரம், தினமும் நாகர்கோவிலுக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் என் நோட்டைப் புரட்டினாய். "அப்பா, இந்த மூணுக்கு முன்னால கோடு போடணும். இது மேல உள்ள மூணு இல்ல, கீழ உள்ள மூணு" என்றாய். நான் சிரித்தேன். நீ விடவில்லை. குளத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்ப் படித்துறையில் நிற்க வைத்தாய். "இப்ப நிக்கிற படி வட்டம்னு வையும். மேல ரெண்டு படி ஏறினாலும் ரெண்டு, கீழ ரெண்டு படி இறங்கினாலும் ரெண்டு. ரெண்டும் ஒரே எடமா அப்பா?" என்று கேட்டாய். படி சரிதான், எண் எப்படிலே கீழே போகும் என்று கேட்டேன். வட்டத்துக்கு மேலே எண் ஏற ஏற அதிகம், கீழே எண் ஏற ஏறக் குறைவு, கீழே உள்ள ஒன்பது கீழே உள்ள ஒன்றைவிடச் சின்னது என்று சொன்னாய். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. ஒன்பது ஒன்றைவிடச் சின்னதா? "ஒண்ணுமில்லாததுக்குக் கீழ என்னலே இருக்கும்? நரகமா? பாரம் படிச்சா அப்பனுக்கு எண்ணப் படிச்சுக் குடுப்பியா?" என்று கத்தினேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதாலேயே உன் கன்னத்தில் அறைந்தேன். நீ கன்னத்தைத் தடவாமல் பையை எடுத்துக்கொண்டு போனாய்.

அதன் பிறகும் எட்டு நாள் எழுதினேன். நாலு, ஐந்து, ஆறு என்று பதினொன்று வரைக்கும். ஆபீசில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஆறிலிருந்து வட்டம் வரைக்கும் இறங்கிய குளம், இப்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று தானாக நிறைகிறது. பக்கத்தில் எங்கோ மழை என்று நினைத்தார்கள். கடைக்குளத்துக்குத் திருப்ப வைத்திருந்த தண்ணீரை வேறு குளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இங்கே தண்ணீர் இறங்க இறங்க என் கடுதாசியில் எண் ஏறிக்கொண்டே போனது. ஞானாபரணமும் ஆட்களும் என்னிடம் வந்து, "ஓய் லஸ்கரே, மடையில சொட்டு வரல்ல, பயிரு சாவுது, எழுதினீரா?" என்று கேட்டார்கள். தினமும் தவறாமல் எழுதுகிறேன், ஆபீசுக்குத் தெரியாமல் இருக்குமா என்று பெருமையாகச் சொன்னேன். அவர்கள் தக்கலைக்கு நடந்தே போனார்கள். அங்கே என் கடுதாசிகளை எடுத்துப் போட்டு, குளம் ஏறிக்கொண்டிருக்கிறது, கூடுதல் தண்ணீருக்காகப் பொய் சொல்ல வந்தீர்களா என்று ஏசித் துரத்தினார்களாம். கண்ணால் பார்த்ததைச் சொல்லப் போனவர்கள் பொய்யர்களாகத் திரும்பி வந்தார்கள். கதிர் வெளியே வந்தது, உள்ளே பால் பிடிக்கவில்லை. கையில் உருவினால் அத்தனையும் சாவி, வெறும் பதர். ஞானாபரணம் ஒரு கதிரை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஊரே கரையில் நின்றது. அவர் குளத்தைப் பார்த்தார், கையில் இருந்த பதினொரு கடுதாசியையும் பார்த்தார், பேய் அறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு குடைக்காம்பால் அளவுக்கல்லைத் தட்டி, "இதா வட்டம். இதுக்கு மேல உள்ளது தண்ணி. கீழ உள்ளது எம்புடு குறையுதுங்கிற கணக்கு. இந்தக் கோடு எதுக்குச் செதுக்கினது, அழகுக்கா?" என்று கேட்டார். நீ படித்துறையில் சொன்ன அதே பேச்சு. அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை வயது வரைக்கும் எண் என்று நான் நினைத்திருந்தது பாதி எண்தான், வட்டத்துக்கு அந்தப் பக்கமும் அதே அளவுக்கு நீண்டு கிடக்கிறது என்று புரிந்தபோது, காலுக்குக் கீழே கரையே நழுவியது போல இருந்தது. பயந்தேன். வேலை போகும், ஊர் அடிக்கும் என்று பயந்தேன். "ஆரு எழுதினது இது?" என்று அவர் கேட்டார்.

எனக்குக் காய்ச்சல், கையெழுத்து மட்டும்தான் நான் போட்டேன், கல்லைப் பார்த்து எண்ணை எழுதியது என் மகன் என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. நினைத்துச் சொல்லவில்லை, திட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருப்பி வாங்கவும் இல்லையே. சனிக்கிழமை ஆதலால் நீ வீட்டில் இருந்தாய், கூப்பிட்டு வந்தார்கள். ஓவர்சியர் உன்னிடம், "நீயா எழுதினே?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் குளத்தைப் பார்த்தேன். "ஆமா" என்றாய். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஐந்தாம் பாரம் படிக்கிறவன் இப்படி எழுதுவானா என்று யோசித்து, ஒரு கடுதாசியையும் பென்சிலையும் நீட்டி, "வட்டத்துக்குக் கீழ மூணு அங்குலம். எழுது பாப்போம்" என்றார். நீ கடுதாசியைத் தொடையில் வைத்தாய். பென்சில் கடுதாசியைத் தொட்டது, ஒரு கணம் நின்றது. கோடு போட்டால் நீ தப்பித்தாய், நான் அகப்பட்டேன். நீ கோடு போடவில்லை. வெறும் மூன்று எழுதி அவரிடம் நீட்டினாய். ஊர் முழுக்க உன்னைக் காறித் துப்பியது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. உனக்குத் தெரிந்ததைத் தெரியாதது போல எழுதிக் கொடுத்தாய். அதைப் பார்த்து எனக்கு வந்த அதிர்ச்சி, பயிர் செத்தபோதுகூட வரவில்லை.

எனக்கு ஒரு எச்சரிக்கையோடு வேலை தங்கியது. உன் பெயர் அந்த விசாரணைக் காகிதத்தில் ஏறியது. ஓவர்சியராக வேண்டும் என்று நீ வைத்திருந்த ஆசை அத்தோடு முடிந்தது. மனுப் போட்ட இரண்டு தடவையும் அந்தக் காகிதத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மலைத் தோட்டத்துக்குக் குமாஸ்தாவாகப் போனாய், கிறிஸ்துமசுக்கு மட்டும் வந்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எட்டு வருடம் மறைத்துத் தின்றவன் நான். ஒரு தடவைகூட நீ அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்யாணம் ஆகப் போகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது முறை. எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். உன்னைவிடச் சின்னவர்கள் உன் எழுத்தில் பிழை இருக்கிறது என்று சொன்னால், நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்க்காதே, எழுத்தைப் பார். ரூத் சொன்னாலும் சரி, நாளைக்கு உன் பிள்ளை சொன்னாலும் சரி. ஒரு எண்ணை யாராவது உன்னிடம் சொன்னால், எங்கே நின்றுகொண்டு எண்ணினாய், எந்தப் பக்கமாக எண்ணினாய் என்று கேள். அதைக் கேட்காமல் பெரிது சின்னது பேசாதே. இன்னொன்று. யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்று உனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று இனி சொல்லாதே. நீ அன்றைக்குச் செய்தது பெரிய காரியம்தான், ஆனால் அது எனக்கு நல்லது செய்யவில்லை. என்னை எட்டு வருடம் உள்ளுக்குள் அழுகிப் போக வைத்தது. தகப்பன் மேல் வைத்த அன்பு தகப்பனைக் கோழையாகவே விட்டுவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை மக்கா, நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து திரும்பியதும் உன் அம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். "எட்டு வருசமா எம்பிள்ளைய ஊருக்கு முன்னால நாசமாப் போறவன்னு ஏசினேனே. அதை எப்பிடித் திருப்பி எடுப்பேன்?" என்று கேட்டாள். சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. இன்றைக்கு நாலாவது நாள்.

செவ்வாய்க்கிழமை ஞானாபரணம் வீட்டுக்குப் போனேன். உரல்மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். காய்ச்சல் பொய், மகன் எழுதவில்லை, பதினொரு நாளும் எழுதியவன் நான் என்றேன். கயிறு அவர் கையிலிருந்து பிரிந்து போனது. "அந்தப் பய சந்தையில என்னப் பாத்தா ஒதுங்கி நிப்பான். நான் அவன் மூஞ்சியப் பாத்துத் துப்பியிருக்கேன் ஓய். ரெண்டு மட்டம் துப்பியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லல்லியே" என்றார். மன்னித்துவிடும் என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "எங்கிட்டச் சொன்னாப் போதாது. அவன நான் சபையில வச்சு ஏசினேன். நீரு சபையில வந்து சொல்லும். அதுவரைக்கும் எம்முற்றத்துல நிக்காதேயும்" என்றார். வெளியே வந்துவிட்டேன். சரியாகத்தான் சொன்னார்.

ஆகவே இந்தக் கடுதாசியை இரண்டு படியாக எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்றைப் போதகரிடம் நேரில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஓலைக்கு முன்பாக வாசிக்கக் கேட்பேன். இன்னொரு தாளில் ஆபீசுக்கும் எழுதியாயிற்று. விசாரணைக் காகிதத்தில் உன் பெயரை அடித்து என் பெயரைப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வேலை போனால் போகட்டும். உன் அம்மை வருவாள் என்று நினைக்கிறேன், தெரியவில்லை. ரூத்தும் அவள் வீட்டாரும் கேட்டுவிட்டு என்ன முடிவு செய்வார்களோ அதுவும் தெரியவில்லை. இப்படிப்பட்டவன் வீட்டுக்கா பெண் கொடுப்பது என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மக்கா.

நீ சனிக்கிழமையே இறங்கி வந்துவிடு. கோவிலில் முன்னால் போய் உட்கார், பின்னால் பதுங்காதே. வாசித்து முடிந்ததும் போதகர் உன்னைப் பார்த்து, இது உண்மைதானா என்று கேட்பார். நீ மறுபடியும் என்னைப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு, அப்பனுக்கு வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார் என்று சொல்லவும் துணிவாய். சொல்லாதே. வாயைத் திறக்காதே. அன்றைக்குக் கரையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். எழுந்து நிற்பேன், உன்னைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

உன் அப்பா